மாதாவுக்கு விட்ட ஒன்று

இயேசு மரி சூசை
இனயம், மார்ச் 3

என் நெத்தோலி மக்களே,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கச்சி ஜெனிலாவும் சுகம். எனக்கு முட்டு வலி இருக்கிறது, அது எப்போதும் உள்ளதுதான். நீ சுகமா? வேளைக்குச் சாப்பாடு தருகிறார்களா? உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே, போர்த்திக்கொள்ள ஏதாவது வைத்திருக்கிறாயா?

இந்தக் காகிதம் செஞ்சிலுவைக்காரர்கள் கொடுத்தது. பங்குச் சாமியார் நாகர்கோவில் வரை போய் வாங்கிக்கொண்டு வந்தார். சண்டையில் பிடிபட்டவர்களுக்கு இதில்தான் எழுத வேண்டுமாம். வீட்டுச் செய்தி மட்டும் எழுதலாம். சண்டையைப் பற்றி எழுதினால் அங்கே உள்ளவர்கள் கறுப்பு மையால் அழித்துவிடுவார்களாம். முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் நீ பதில் எழுத. உன் பக்கத்தில் என் கை அழுக்கு படாமல் பார்த்துக்கொண்டேன்.

முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது? ஷாஜன், தகப்பன் பெயர் மரியதாசன், வயது இருபத்திரண்டு, வெளிநாட்டுக் கடலில் மாமா ததேயுஸ் ஓட்டுகிற மீன்பிடி லாஞ்சில் வேலை என்று எழுதினேன். அடையாளம் கேட்டிருந்தது. மெலிந்த பிள்ளை என்று எழுதினேன். நீ ஏழாம் மாசத்தில் பிறந்தபோது உன் அப்பா உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இது பிள்ளையா, நெத்தோலியா?" என்று கேட்டார். அந்தப் பெயரை மட்டும் எழுதவில்லை. அது அவர்களுக்கு எதற்கு?

சண்டையைப் பற்றி எழுதவில்லை மக்களே. நம்ம வீட்டு டிவியைப் பற்றி எழுதுகிறேன், அது வீட்டுச் செய்திதான். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி காலையில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஜெனிலா கூப்பிட்டாள். ஆயுதம் கடத்திய எதிரிப் படகு ஒன்றை அழித்தோம், எதிரிகள் ஐந்து பேர் செத்தார்கள், ஒருவனைப் பிடித்தோம் என்று அந்த நாட்டுப் பட்டாளத்துக்காரர் சொல்கிறதைக் காட்டினார்கள். மேலேயிருந்து எடுத்த படம். கடல் கறுப்பாக இருந்தது, படகு நகம் அளவுக்கு இருந்தது. யாரோ எவரோ என்று நான் திரும்பிப் போய் மிச்ச மீனையும் கழுவினேன். அது உங்கள் லாஞ்சு என்று சாயங்காலம்தான் முதலாளி போனில் சொன்னார். அன்று இரவு முழுக்க அந்த மீனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கழுவினேனே என்று.

பதில் பக்கம் காலியாக இருக்கிறது. ஒரு வரி போதும்.

உன் அம்மா
லில்லிபுஷ்பம்


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ததேயுஸ் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இடது காலில் கட்டுப் போட்டிருக்கிறது, ஆறிவிடும் என்கிறார்கள். மூன்று நேரமும் ரொட்டி. வெள்ளிக்கிழமை சோறு. எனக்கும் ஒரு காகிதம் தந்தார்கள், உனக்குத்தான் எழுதுகிறேன், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ சுகமா? முட்டு வலிக்கு மார்த்தாண்டத்து வைத்தியரிடம் போனாயா? மேற்குப் பக்கத்து ஓடு மாற்றினாயா? மழைக்கு முன்னால் மாற்றிவிடு. ஜெனிலா பரீட்சை எழுதினாளா? ஆடு சினை பிடித்ததா? கிணற்றுத் தண்ணி இன்னும் கரிக்கிறதா? கரித்தால் குடிக்காதே.

காகிதத்தில் இன்னும் இடம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை.

உன் தம்பி
ததேயுஸ்


இயேசு மரி சூசை
இனயம், ஏப்ரல் 26

அன்புள்ள தம்பி ததேயுஸுக்கு,

அக்கா எழுதுவது. உன் காகிதம் வந்தது. கோயிலில் வைத்துத்தான் சாமியார் தந்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்று வாசித்தேன். கால் புண்ணில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். நாங்கள் சுகம். ஜெனிலா பரீட்சை எழுதினாள். ஆடு சினையாக இருக்கிறது. ஓடு இன்னும் மாற்றவில்லை. கிணறு கரிக்கத்தான் செய்கிறது.

நீ எல்லாவற்றையும் கேட்டாய். ஆட்டைக்கூடக் கேட்டாய். அவன் பெயரை மட்டும் எழுதவில்லை. அழித்துவிடுவார்கள் என்று பயந்து எழுதவில்லை என்று ஜெனிலா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தம்பி, நான் கணக்குப் பார்த்தேன். லாஞ்சில் நீ, ஷாஜன், நம்ம தெரு ஸ்மைலின், மார்த்தாண்டத்து மெக்கானிக் அபிலாஷ், வங்காளத்துக்காரர்கள் மூன்று பேர். ஏழு. அவர்கள் சொன்னது செத்தது ஐந்து, பிடித்தது ஒன்று. பிடித்தது நீ. அப்படியென்றால் ஒருவன் மிச்சம். சாவிலும் இல்லை, சிறையிலும் இல்லை. வேறு ஏதாவது படகு தூக்கியிருக்கும். பட்டாளத்துக்காரர்கள் எதிரியை ஒன்று கூட்டித்தானே சொல்வார்கள்? குறைத்துச் சொல்ல அவர்களுக்கு என்ன வந்தது?

டிவியில் வந்த அன்று பக்கத்து வீட்டில் லாஞ்சில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நான் ஆறு என்றேன். ஜெனிலாதான் ஏழு அம்மா என்று திருத்தினாள். நம்ம அப்பாவின் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை, பார்த்தாயா? வள்ளத்தில் எத்தனை பேர் என்று கரையில் யார் கேட்டாலும் அப்பா ஒன்று குறைத்துத்தான் சொல்வார். கடைசியாக ஏறினவனை விட்டுவிடுவார். "ஒண்ண மாதாவுக்கு விட்டுரணும் மக்கா. முழுசும் எண்ணிச் சொன்னா கடலும் கேட்டுக்கிட்டு கெடக்கும்" என்பார். நம்ம வீட்டில் நாம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

ஸ்மைலின் பெண்டாட்டி ரெஜிலாவும் என்னைப் போலத்தான் கணக்குப் பார்த்திருக்கிறாள். குழாயடியில் வைத்து, அந்த ஒருவன் என் பிள்ளைதான், மெலிந்தவன், நன்றாக நீந்துவான் என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குடத்தை வைத்துவிட்டு வந்தாள். "அந்த ஒண்ணு எனக்க ஆளா இருக்கப்பிடாதா அக்கா? ஒங்க பேருல பட்டா போட்டு வச்சிருக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு மடியில் ஒரு வயசுப் பிள்ளை. நான் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது நான் என்ன கேட்கிறேன் என்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ஐந்து பேரும் மற்றவர்களாக இருக்கட்டும் என்று கேட்கிறேன்.

அந்த ஒருவன் யார் என்று உனக்குத் தெரியும். நீ கூட இருந்தாய். எழுது.

உன் அக்கா
லில்லிபுஷ்பம்


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காகிதம் கிடைத்தது. நான் சுகம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா?

[இங்கே மூன்று வரி கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருக்கிறது.]

அதனால் அக்கா, நேரத்துக்குச் சாப்பிடு. ஜெனிலாவைக் காலேஜுக்கு அனுப்பு. மழை தொடங்கியிருக்கும். ஓடு மாற்று.

ததேயுஸ்


இயேசு மரி சூசை
இனயம், ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கால் வீக்கத்துக்கு மருந்து கேள், வெட்கப்படாதே. நாங்கள் இருக்கிறோம்.

நீ எழுதினதில் மூன்று வரியை அழித்துவிட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் தடவிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. என் பிள்ளை அந்தக் கறுப்புக்கு அடியில் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

ஸ்மைலின் வந்துவிட்டான். பெட்டியில். வேறொரு நாட்டுக் கரையில் ஒதுங்கிக் கிடந்தானாம். இடுப்பில் பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட் நகல் சுற்றி வைத்திருந்திருக்கிறான், அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்தபோது நல்ல மழை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஆண்கள் எல்லாரும் ஊரில்தான் இருந்தார்கள், தெரு கொள்ளவில்லை. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஒட்டியிருந்தது. ரெஜிலா பெட்டியின் மேலே பிள்ளையைப் படுக்க வைத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

நான் அழவில்லை தம்பி. அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆனால் என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்தில் ஒன்று இது, இன்னும் நான்கு, அபிலாஷ் ஒன்று, வங்காளத்துப் பிள்ளைகள் மூன்று, சரியாகப் போய்விட்டது என்று. ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடும்மா என்றார் சாமியார்.

இனி நான் ஒன்று சொல்கிறேன், கேள். சண்டைச் செய்திதானே எழுதக் கூடாது? ஆட்டைப் பற்றி எழுதலாமே. ஷாஜன் உயிரோடு இருந்தால், ஆடு குட்டி போட்டதா என்று ஒரு வரி எழுது. இல்லையென்றால் ஆட்டைப் பற்றி எழுதவே வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

இரண்டு நேரம்தான் சாப்பிடுகிறேன். பதில் வந்த பிறகு மூன்றாவதைப் பார்க்கலாம்.

உன் அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா? ஜெனிலா சுகமா?

ஆடு குட்டி போட்டதா?

ததேயுஸ்


இயேசு மரி சூசை
இனயம், ஆகஸ்ட் 14

என் தங்கத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நல்ல சுகம். உன் புண் ஆற வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கிறேன்.

ஆடு குட்டி போட்டது! நிசமாகவே போட்டது, இரண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளையில் புள்ளி. உன் வரியைப் படித்துவிட்டு நான் ஆட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சிரித்தேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஜெனிலா பயந்துபோனாள். மறுநாள் அயலை மீன் வாங்கிக் குழம்பு வைத்து மூன்று நேரமும் சாப்பிட்டேன்.

ஆறாம் மாசத்துக்குக் கோயிலில் எல்லாருக்குமாக ஒரு பூசை வைத்தார்கள். ஷாஜன் பெயரையும் எழுதியிருந்தார்கள். நான் சாமியார் உடை மாற்றுகிற சக்ரீஸ்து அறைக்குள் போய் அவன் பெயரை வெட்டச் சொன்னேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்தவர் பூசையில் பெயர் வாசித்தால் ஆகாது என்றேன். யார் சொன்னது உயிரோடு என்று சாமியார் கேட்டார். ஆடு குட்டி போட்டதை எப்படிச் சொல்ல? தெரியும் சாமி என்று மட்டும் சொன்னேன். வெட்டினார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ரெஜிலா என் கையைப் பிடித்தாள். "ஒங்களுக்கு வந்த காயிதத்துல அவருக்க கடைசியப் பத்தி என்னமும் உண்டுமா அக்கா? வலிச்சுதா, ஒடனே போச்சுதான்னு?" என்று கேட்டாள். நான் கையை உருவிக்கொண்டேன். துக்க வீட்டுக்காரி தொட்டால் என் பிள்ளைக்குத் தோஷம் என்று ஒரு நினைப்பு வந்தது. "சரி, ஒங்க ஒண்ண நீங்க வச்சிக்கிடுங்க" என்றாள்.

எந்த ஊரில் இருக்கிறான்? எந்தப் படகு தூக்கியது? கறுப்பாக அழித்தாலும் பரவாயில்லை, எழுது. ஓடு மாற்றிவிட்டேன். அவன் வரும்போது ஒழுகக் கூடாது.

உன் அக்கா
லில்லி


செப்டம்பர் 22

அக்கா,

இது செஞ்சிலுவைக் காகிதம் இல்லை. கால் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். இங்கே கொல்லம் பக்கத்து நர்ஸ் பிள்ளை ஒன்று இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகும்போது தபாலில் போடுவதாகச் சொன்னது. இதை யாரும் படிக்க மாட்டார்கள். இனி எனக்குச் சாக்கு இல்லை.

ஆட்டைப் பற்றி எழுதியது பொய். ஷாஜன் செத்துவிட்டான். முதல் நாளே செத்துவிட்டான். இரண்டு நேரம்தான் சாப்பிடுகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். மே மாசக் காகிதத்தில் மூன்று வரியை அழித்ததும் அவர்கள் இல்லை. நான்தான். எழுதினேன், பிறகு மேலே தேய்த்துவிட்டேன்.

அன்று மதியம் வலை இழுத்து முடித்திருந்தோம். நல்ல கோள், வலை முழுக்க நெய்மீன். ஐஸ் அறைக்கு வாய் சின்னது, தோளை ஒடுக்கிக்கொண்டுதான் இறங்க முடியும். அன்று ஸ்மைலின் முறை. அவன் இறங்கப் போனான். நான்தான், "நீ மாட்டிக்கிடுவலே, நெத்தோலி எறங்கட்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஷாஜனும் சிரித்தான். இறங்கிவிட்டு, "மூடியச் சாத்துங்க மாமா, ஐஸ் உருகும்" என்று கீழேயிருந்து சொன்னான். சாத்தினேன். ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. அவன் பாடிக்கொண்டேதான் உடைப்பான்.

பிறகு எனக்கு நினைவு வந்தபோது தண்ணியில் கிடந்தேன். லாஞ்சு பின்பக்கம் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேலே யாரும் இல்லை. மூடி சாத்தியபடி இருந்தது. தண்ணி மூடுகிறவரை அதைத்தான் பார்த்தேன். நீந்திப் போயிருக்கலாம். கால் வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

பட்டாளத்துக்காரர்கள் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தி தெரிந்த ஒருவன் தாளை வைத்துக்கொண்டு, படகில் எத்தனை பேர் என்று கேட்டான். தலை ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு என்றேன். யோசித்துச் சொல்லவில்லை அக்கா. அப்பா சொல்வதுபோல வாய் சொல்லிவிட்டது. கடைசியாக வேலைக்கு வந்தவன் ஷாஜன், அவனை விட்டுச் சொல்லிவிட்டது. அவன் ஆறு என்று எழுதினான், ஒன்றைக் கழித்தான், எதிரிகள் ஐந்து என்று எழுதினான். அவர்கள் எண்ணியது அவ்வளவுதான். கடலில் யாரும் தேடவில்லை. ஒரு உடலைக்கூட யாரும் பார்க்கவில்லை. மீன் பிடிக்கிறவர்கள் என்று சொன்னேன். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. நீ மாசக்கணக்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற அந்த மிச்சம் ஒன்று, என் வாயிலிருந்து விழுந்தது.

மூன்றாம் நாள் புத்தி தெளிந்ததும் ஏழு பேர் என்று சொன்னேன். அப்படியென்றால் ஏழாவது எதிரி எங்கே தப்பிப் போனான் என்று கேட்டு அடித்தார்கள். ஐஸ் அறையில் என்றேன். நம்பவில்லை. அறிவிப்பு வந்துவிட்டது, எண்ணிக்கை மாறாது என்றார்கள். நான்கு நாள் அடித்தார்கள். ஐந்தாம் நாள் ஆறு என்று கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

ததேயுஸ்


இனயம், நவம்பர் 6

தம்பி ததேயுஸுக்கு,

உன் கடிதம் அக்டோபர் நாலாம் தேதி வந்தது. ஒரு மாசம் எடுத்துக்கொண்டேன்.

எட்டு நாள் ஜெனிலாவிடம் சொல்லவில்லை. ஆட்டுக்குத் தழை போட்டேன், சோறு வடித்தேன். ஒன்பதாம் நாள் ரெஜிலா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன், உள்ளே கூப்பிடுவாள் என்று நினைக்கவில்லை. கூப்பிட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். அவள் அதில் ஸ்மைலின் முறை என்கிற இடத்தில் விரலை வைத்தாள். "இவரு எறங்கியிருந்தா ஒங்க பிள்ள மேல நிண்ணிருப்பான். ரெண்டு பேரும்தான் போயிருப்பினும். கணக்குப் பாத்தது போதும் அக்கா" என்றாள். அன்றுதான் நான் ஸ்மைலினுக்காக அழுதேன். நான்கு மாசம் கழித்து.

பிறகு அவளும் என்கூட நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீசுக்கு வந்தாள். அங்கே இருந்த சார் நல்ல மனுஷன், நாற்காலி போடச் சொன்னார். என் பிள்ளைக்குச் சாவுக் காகிதம் வேண்டும் என்றேன். அவர் தாளைப் பார்த்தார். செத்தது ஐந்து, பிடிபட்டது ஒன்று, பிடிபட்ட டிரைவரே படகில் ஆறு பேர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தக் கணக்கின்படி உங்கள் மகன் படகிலேயே இல்லை என்றார். காணாமல் போனவர் என்றுதான் எழுத முடியும், ஏழு வருஷம் பொறுக்க வேண்டும், நடுவில் அவர் வீட்டுக்குப் போன் பண்ணினால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். ஓகி புயலில் என் வீட்டுக்காரர் போனபோதும் உடல் வரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு காகிதம் வந்தது. அவரை யாரோ ஒருவராவது எண்ணினார்கள்.

நான் கேட்டேன், சார், அந்தப் பட்டாளத்துக்காரருக்கு எழுதி ஐந்தை ஆறாக்கச் சொல்லுங்கள், என் பிள்ளையையும் எதிரி என்று எழுதிக்கொள்ளட்டும் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அம்மா, அந்த அஞ்சு பேரும் எதிரி இல்ல, மீன்பிடிக்கப் போனவங்கன்னுதான் நாங்க எழுதிக் கேட்டுக்கிட்டு இருக்கோம். நீங்க இன்னொரு எதிரியச் சேக்கச் சொல்றீங்களே" என்றார். அந்த மனுவில் ரெஜிலா கையெழுத்து இருக்கிறது, அபிலாஷின் அப்பா கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்துக்கு அதில் வேலை இல்லை. எதிரி இல்லை என்று சொல்வதற்கும் முதலில் அவன் எதிரிக் கணக்கில் இருக்க வேண்டுமே.

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரி வாங்கினார்கள். நானும் வாங்கினேன். எங்கே கொளுத்துவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ரெஜிலா, இங்க வையுங்க அக்கா என்று ஸ்மைலின் கல்லறையில் ஒரு ஓரத்தைக் காட்டினாள். வைத்தேன்.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. நானும்தான் டிவியில் வந்த அன்று ஆறு என்றேன். நீ பொய் எழுதினதால் எனக்கு இரண்டு மாசம் பிள்ளை உயிரோடு இருந்தான். அதற்கு உன்னை வாழ்த்துவதா சபிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

காலைப் பார்த்துக்கொள்.

லில்லிபுஷ்பம்


டிசம்பர் 11

அக்கா,

என்னை விடுகிறார்கள். மீன் பிடிக்கிறவன்தான் என்று இப்போது ஒத்துக்கொண்டார்கள். என் ஒருவனை மட்டும். செத்தவர்கள் எதிரிகளாகவே இருக்கிறார்கள், அறிவித்ததை மாற்ற மாட்டார்களாம். போகும் முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதிலும் ஆறு என்றுதான் இருந்தது. போட்டேன் அக்கா. போடாவிட்டால் விடமாட்டார்கள்.

பதினெட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குவேன். வீட்டுக்கு வரலாமா? வரவேண்டாம் என்றால் குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு சாயிபு வீட்டில் தங்கிக்கொள்வேன். பதில் வர நேரம் இல்லை. வந்து வெளியே நிற்கிறேன். கதவைத் திறந்தால் வருகிறேன்.

ததேயுஸ்


இயேசு மரி சூசை
இனயம், ஜனவரி 5

என் நெத்தோலி மக்களே,

அம்மாதான். நானும் ஜெனிலாவும் இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்க வாய் வருகிறது, கேட்டுப் பழகிவிட்டது.

மார்ச்சில் உனக்கு எழுதின காகிதம் திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. டிவியைப் பற்றி எழுதினதை அழித்திருக்கிறார்கள். மீன் கழுவினதை விட்டிருக்கிறார்கள். பின்பக்கம் நான் விட்ட மாதிரியே சுத்தமாக இருக்கிறது. நீ எழுத வேண்டிய பக்கத்தில்தான் இப்போது நான் எழுதுகிறேன்.

உன் மாமா வந்தார். காலையிலேயே வந்து ரோட்டில் நின்றிருக்கிறார், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு. நான் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பத்து மணிவரை நின்றார். ஜெனிலாதான் கதவைத் திறந்தாள். வந்து தரையில் உட்கார்ந்தார், பாதி ஆளாக இருந்தார். சோறு போட்டேன். நெத்தோலி வறுத்திருந்தேன், நினைக்காமல் வைத்துவிட்டேன். அவர் அதைத் தொடவில்லை. நானும் எடுக்கவில்லை. அப்படியே தட்டில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லாஞ்சில் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொல்லுலே, இனி அது கேட்டா என்ன, கேக்காட்டா என்ன என்றேன். "ஏழு பேரு அக்கா" என்றார். வலை கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பூசையில் சாமியார் ஆறு பெயர் வாசித்தார். நான் வெட்டச் சொன்ன பெயரைக் கடைசியில் மறுபடி எழுதியிருந்தார்கள். வங்காளத்துப் பிள்ளைகளின் பெயர் மாமாவுக்குத்தான் தெரிந்திருந்தது. இந்த ஊரில் அவ்வளவு இடத்தில்தான் உன்னை எண்ண முடிந்தது.

வேறு எங்கும் நீ செத்தவன் இல்லை. எதிரியும் இல்லை. போன வாரம்கூட ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, மகன் போன் பண்ணினானா என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் ஆறு வருஷம் வருவார்.

உன் கடைசியைப் பற்றி மாமாவிடம் ஒரு விஷயம்தான் கேட்டேன், உனக்குத் தெரிந்திருக்குமா என்று. அவர் பாவம், அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அக்கா" என்றார். அது அவருக்குத் தெரியாது. அவர் மேலே, தண்ணியில் கிடந்தார். மூடி சாத்தியிருந்தது. தெரிந்தவன் நீ ஒருவன்தான், அதனால்தான் உன் பக்கத்தில் எழுதிக் கேட்கிறேன்.

இருட்டில் அந்த மூடியைக் கீழேயிருந்து தட்டினாயா மக்களே, இல்லை, ஒன்றும் கேட்காமல் பாடிக்கொண்டேதான் இருந்தாயா?